தொடாமலே சிணுங்கி

எங்கள் வீட்டு வால்வு ரேடியோவுக்குப் பின்மூடி கிடையாது. யார் கழற்றினார்கள், எங்கே வைத்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் பெரியப்பா அதன் முன் உட்கார்ந்து சிற்றலையில் கொழும்பைத் தேடுவார். முள் ஒரு ஸ்டேஷனை விட்டு அடுத்த ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் ஓர் ஊளை எழும்பும். உச்சிக்கு ஏறும், சரிந்து இறங்கும், அடித்தொண்டையில் உறுமும், மறுபடி ஏறும். வால்வுகளுக்குள் எரியும் செம்மஞ்சள் இழையைப் பார்க்க நான் பின்பக்கமாகப் போய்க் குனிந்து கையை நீட்டுவேன். அடங்கியிருந்த ஊளை என் கையோடு கிளம்பும்.

"கைய எடுடா, ஸ்டேஷன் ஓடுது பாரு."

"நான் எதையும் தொடல பெரியப்பா."

"தொடாமத்தான் கத்துதா?"

தொடாமல்தான் கத்தியது. அதை அவருக்கு விளக்க எனக்கு வயசும் போதாது, விஷயமும் தெரியாது. அந்த ஊளையை ஒருவர் ரஷ்யாவில் எப்போதோ வாத்தியமாக்கிவிட்டார் என்பதும், பேய்ப்படம், விண்வெளிப் படம் என்று பார்க்கும்போதெல்லாம் முதுகுத்தண்டில் ஊரும் சத்தத்துக்கு அதுதான் பாட்டன் என்பதும் ரொம்ப வருஷம் கழித்துத்தான் தெரிய வந்தது.

அவர் பெயர் லெவ் தெர்மென். 1896இல் பீட்டர்ஸ்பர்க்கில் பிறந்தவர். படித்தது இயற்பியல், கூடவே முறையாகச் செல்லோவும் கற்றவர். 1920இல், பெட்ரோகிராடு என்று பெயர் மாறியிருந்த அதே ஊரில், அப்ராம் யோஃபே நடத்திய ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தார். வாயுக்களின் மின்பண்பை அளக்க ஒரு கருவி செய்துகொண்டிருந்தார். அளவு மாறுவதைக் காதால் கேட்டுத் தெரிந்துகொள்ளும்படி அதில் ஒரு ஒலிச்சுற்றைச் சேர்த்தார். வாயு மாறினால் சுருதி மாறியது. அவர் கை பக்கத்தில் போனாலும் மாறியது. வேறொரு விஞ்ஞானியாக இருந்தால், கை குறுக்கே வராதபடி ஒரு தகரத் தடுப்பு வைத்துவிட்டு அளவெடுக்கப் போயிருப்பார். இவர் செல்லோக்காரர். கையை முன்னும் பின்னும் ஆட்டித் தனக்குத் தெரிந்த மெட்டொன்றை அதில் தேட ஆரம்பித்தார். அளக்க வந்த கருவி அன்றைக்கு வாத்தியமானது. பிறகு உலகம் அதற்கு அவர் பெயரையே வைத்தது: தெரெமின்.

உள்ளே நடப்பது இதுதான். பெட்டிக்குள் இரண்டு ஆஸிலேட்டர்கள். இரண்டும் காதுக்கு எட்டாத வேகத்தில் துடிப்பவை. ஒன்று வினாடிக்கு 1,70,000 முறை என்று வைத்துக்கொள்வோம், அது மாறாது. மற்றது நெட்டுக்குத்தாக நிற்கும் ஒரு உலோகக் கம்பியோடு சேர்ந்தது. நம் உடம்பு மின்சாரத்தைக் கடத்தும். கை பக்கத்தில் வந்தால் கையும் கம்பியும் நடுவிலிருக்கும் காற்றும் சேர்ந்து ஒரு கண்டென்சர் ஆகிவிடும். சீலிங் ஃபேனில் போடுகிறோமே, அதன் லட்சத்தில் ஒரு பங்கு கூட இல்லாத குட்டி கண்டென்சர். அந்தத் துளி போதும். இரண்டாவது ஆஸிலேட்டரின் வேகம் குறைந்து 1,69,560க்கு இறங்கும். இரண்டையும் கலந்தால், அவற்றின் வித்தியாசமான 440 காதில் விழும். ஆர்கெஸ்ட்ராக்காரர்கள் மேடையில் சுருதி சேர்த்துக்கொள்கிற 'ஏ' அதுதான். கை இன்னும் நெருங்கினால் வித்தியாசம் கூடும், சுருதி ஏறும். பெரியப்பாவின் ரேடியோவிலும் இதே கூட்டல் கழித்தல்தான் நடந்தது. அங்கே அது தொல்லை, இங்கே சங்கீதம்.

வலது கை சுருதிக்கு. இடது கைக்குப் பக்கவாட்டில் ஒரு வளையம். கையை அதன்மேல் தாழ்த்தினால் சத்தம் அடங்கும், தூக்கினால் பெருகும். வாத்தியம் முழுக்க இவ்வளவுதான். வீணைக்கு இருப்பதுபோல் மெட்டு இல்லை, தந்தி இல்லை, துளை இல்லை. விரல் வைக்க ஓர் இடம் கிடையாது.

1922 மார்ச்சில் தெர்மென் இதைக் கிரெம்ளினுக்கு எடுத்துப் போய் லெனினிடம் காட்டினார். ஆள் நெருங்கினால் கூவும் திருட்டு அலாரம் ஒன்றையும் இதே தத்துவத்தில் செய்து கூடவே கொண்டுபோயிருந்தார். லெனின் தானும் வாசித்துப் பார்க்க வேண்டும் என்றார். கிளிங்காவின் 'வானம்பாடி' பாட்டை, முதலில் தெர்மென் கையைப் பிடித்து நடத்த, பிறகு தனியாக, ஓரளவு வாசித்தும் விட்டார் என்பது தெர்மென் கடைசிவரை சொல்லி மகிழ்ந்த கதை. நாடெல்லாம் மின்சாரம் என்று முழங்கிய காலம் அது. மின்சாரமே பாடுகிறது என்றால் யாருக்குக் கசக்கும்? ரஷ்யா முழுக்கக் காட்டி, ஐரோப்பாவில் அரங்குகளை நிறைத்து, 1927 டிசம்பரில் அவர் நியூயார்க்கில் இறங்கினார். அடுத்த வருஷம் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. ஆர்சிஏ கம்பெனி உரிமம் வாங்கி, வீட்டுக்கு வீடு தெரெமின் என்று கனவு கண்டது. விசில் அடிக்கத் தெரிந்தால் வாசிக்கலாம் என்கிற ரீதியில் விளம்பரம். விலை 175 டாலர். வால்வு, ஸ்பீக்கர் தனி. விற்பனைக்கு வந்த சமயம் 1929இன் கடைசி, பங்குச்சந்தை தரைமட்டமான நேரம். ஏறக்குறைய 500 பெட்டிகளோடு தயாரிப்பு நின்றது. சந்தை விழாமல் இருந்திருந்தாலும் அது ஓடியிருக்கும் என்று நான் நம்பவில்லை. உலகத்தில் இதைவிடக் கஷ்டமான வாத்தியம் குறைவு.

எவ்வளவு கஷ்டம் என்பதை, அதை ஜெயித்த ஒருவரைப் பார்த்தால் தெரியும். கிளாரா ராக்மோர், 1911இல் வில்னாவில் பிறந்தவர். நாலைந்து வயதில் பீட்டர்ஸ்பர்க் இசைக்கல்லூரியில் வயலின் மாணவி. லியோபோல்ட் அவுவரிடம் பாடம். சின்ன வயசுப் பட்டினி எலும்பில் காட்டியது. கை ஒத்துழைக்காமல் வயலினைக் கீழே வைக்க வேண்டி வந்தது. நியூயார்க்கில் தெர்மெனைச் சந்தித்தார். தொடவே வேண்டாத ஒரு வாத்தியம், தொட்டு வாசிக்க முடியாமல் போன கைக்கு! அவருடைய பதினெட்டாவது பிறந்தநாளுக்கு, பக்கத்தில் போனாலே சுற்றிக்கொண்டு விளக்கேற்றும் கேக் ஒன்றைத் தெர்மென் செய்து கொடுத்தார். கல்யாணத்துக்கும் கேட்டுப் பார்த்தார்; கிளாரா வேறொருவரை மணந்தார். நட்பு மட்டும் தங்கியது. அவருக்காகவே தெர்மென் ஒரு தெரெமினைச் செய்தார்: மூன்று ஸ்தாயியை ஐந்தாக்கி, இடது கை அசைவுக்கு உடனே பணியும்படி.

கிளாரா வாசிக்கும் படக்காட்சி இருக்கிறது. தலை அசையாது, தோள் அசையாது. மூச்சைக்கூட அளந்து விடுகிறார். உடம்பு ஒரு விரல் அளவு முன்னே சாய்ந்தால் சுருதி பறந்துவிடும். வலது கை ஏதோ மெல்லிய நூலைப் பிடித்திருப்பதுபோல் காற்றில் நிற்கிறது. விரல்கள் ஒவ்வொன்றாக விரியும்போது ஒவ்வொரு ஸ்வரமாகத் திறக்கிறது. காற்றில் இல்லாத தந்திக்கு அவர் ஒரு விரல் முறையே கண்டுபிடித்தார். சான்-சான்ஸின் 'அன்னம்' அவர் கையில் செல்லோவுக்கும் மனுஷக் குரலுக்கும் நடுவே மிதக்கிறது. அதில் பேயும் இல்லை, பிசாசும் இல்லை.

பிறகு எப்படிப் பேய் வந்து ஏறியது?

சினிமாக்காரர்கள் ஏற்றினார்கள். 1931இல் வந்த 'தனியாக' என்ற சோவியத் படத்தில், பனிப்புயலில் ஒரு பள்ளி ஆசிரியை சாகக் கிடக்கும் இடத்துக்கு ஷொஸ்டகோவிச் தெரெமினைப் போட்டார். ஹாலிவுட்டில் அதற்கு வேர் பிடித்தது 1945இல். ஹிட்ச்காக்கின் 'ஸ்பெல்பவுண்ட்'. நினைவு தப்பிய ஒருவன். வெள்ளை நிறமும் இணைகோடுகளும் கண்ணில் பட்டால் மனசு பிறழ்ந்துபோகும். அந்தப் பிறழ்வுக்குப் புதிதாக ஒரு சத்தம் வேண்டும் என்று கேட்டபோது, இசையமைப்பாளர் மிக்லோஸ் ரோஷா தெரெமினைச் சொன்னார். அப்படி ஒன்று இருப்பதே கேட்டவர்களுக்குத் தெரியாது. வாசிக்க ஆள்? லாஸ் ஏஞ்சலிஸில் சாமுவேல் ஹாஃப்மன் என்று ஒருவர் இருந்தார். பாதநோய் மருத்துவர். பகலில் கால் ஆணி பார்த்து, மற்ற நேரத்தில் தெரெமின் வாசித்தார். இளமையில் வயலின் கற்றதால், நோட்டைப் பார்த்த மாத்திரத்தில் வாசிக்க அவரால் முடிந்தது.

அந்தப் படத்தில் ஓர் இடம். நடுராத்திரி, கிரிகரி பெக் குளியலறையில் சவரத்துக்கு நுரை குழைக்கிறார். நுரை வெள்ளை. தொட்டி வெள்ளை, நாற்காலி வெள்ளை. திரும்பும் இடமெல்லாம் வெள்ளை. கத்தி கையிலிருக்க மாடிப்படி இறங்குகிறார். கீழே கிழவரான டாக்டர், ஒன்றும் அறியாதவர்போல் அவருக்குப் பால் ஊற்றிக் கொடுக்கிறார். அதுவும் வெள்ளை. நிறத்தோடு நிறமாகத் தெரெமின் உள்ளே நுழைகிறது. ரோஷா அதைத் தனியாக விடவில்லை; அடியில் வயலின்கள் முறையாக, கண்ணியமாக நடந்துகொண்டிருக்க, மேலே இது மட்டும் படியில் கால் வைக்காமல் இறங்குகிறது. சத்தம் தொடங்கும் இடம் தெரியாது. வயலினில் வில் நரம்பைக் கடிக்கும் ஓசை உண்டு, புல்லாங்குழலில் உதட்டுக்காற்று உண்டு, பாடுகிறவரிடம் மூச்சு உண்டு. யாரோ ஒரு ஆள் அங்கே இருக்கிறார் என்பதற்கு அந்த அழுக்கு அத்தாட்சி. தெரெமினில் அந்த அத்தாட்சி இல்லை. குரல் மாதிரி இருக்கிறது, குரலுக்கு உடம்பு இல்லை. பாட்டி சொன்ன கதைகளில் பேய்க்குக் கால் இல்லாதது மாதிரி.

ரோஷாவுக்கு அந்தப் படம் ஆஸ்கர் வாங்கிக் கொடுத்தது. அதே வருஷம் 'த லாஸ்ட் வீக்எண்ட்' படத்தில் குடிநோயாளிக்கும் தெரெமினையே போட்டார். ஆக, ஹாலிவுட்டில் முதலில் இது பைத்தியத்தின் குரல், போதையின் குரல். அடுத்த சில வருஷத்தில் பறக்கும் தட்டு ஏறியது. 1951இல் 'பூமி நின்ற நாள்' படத்துக்கு பெர்னார்ட் ஹெர்மன் என்ன செய்தார் என்றால், ஆர்கெஸ்ட்ராவின் முதுகெலும்பான வழக்கமான வயலின் கூட்டத்தையே வெளியே அனுப்பிவிட்டார். உள்ளே விட்டது இரண்டு தெரெமின், மின்சார வயலின், மின்சார செல்லோ, மின்சார பாஸ், ஹேமண்ட் ஆர்கன்கள், வைப்ரஃபோன், ஹார்ப், பியானோ, பெரும் பித்தளைப் பட்டாளம். பூமியில் பிறந்த வாத்தியமும் பிளக்கில் சொருகும் வாத்தியமும் சரிக்குச் சமமாக உட்கார்ந்து பயமுறுத்தியது அதிலிருந்துதான் என்று எனக்குத் தோன்றும். இன்றைக்கு ஒரு பேய்ப்படத்துக்கு கம்ப்யூட்டரில் இசை சேர்ப்பவர், கீழே சிந்தசைசர் முனகலும் மேலே செல்லோ நடுக்கமுமாக அடுக்குகிறாரே, அந்த அடுக்கு ஹெர்மன் கட்டியது.

ஹாஃப்மனும் 'ஸ்பெல்பவுண்ட்' படத்தோடு தெரெமினை விட்டுவிடவில்லை. 1947இல் அவர் வாசித்து வெளிவந்த 'மியூசிக் அவுட் ஆஃப் த மூன்' இசைத்தட்டை நீல் ஆம்ஸ்ட்ராங் கேசட்டில் எடுத்துப்போய், 1969இல் நிலாவிலிருந்து திரும்பும் வழியில் போட்டுக் கேட்டார். விண்வெளிக்கு உண்மையிலேயே போன மனுஷனுக்கு அது பயமாக இல்லை.

இங்கேதான் எனக்கு ஒரு சந்தேகம். சுருதியின் சறுக்கல்தான் பயம் என்று மேல்நாட்டார் எழுதுகிறார்கள். நம் காதுக்கு அது சரிப்படுமா? வீணையில் தந்தியை இழுத்து ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போவதைக் கேட்டு யாரும் விளக்கைப் போடச் சொன்னதில்லை, ஆஹா என்கிறோம். 1954இல் 'நாகின்' இந்திப் படத்தில் கிளாவியோலின் என்ற மின்சாரக் கருவியில் கல்யாண்ஜி நெளிய நெளிய வாசித்தபோது, நம் தேசத்துக்குப் பேய் வரவில்லை, பாம்பு வந்தது. மகுடி என்றாலே இன்றும் அந்த மெட்டைத்தான் முணுமுணுக்கிறோம். ஆக, குற்றம் சறுக்கலில் இல்லை. கமகத்தில் ஸ்வரம் எவ்வளவு அசைந்தாலும் அதற்கு ஒரு வீடு உண்டு. கிளம்பிய இடமும் தெரியும், சேரப்போகும் இடமும் காது அறியும். கிளாராவின் அன்னம் அழகாக இருப்பதும் அதனால்தான். ஒவ்வொரு வழுக்கலும் தரையில் கால் ஊன்றுகிறது. சினிமாத் தெரெமினை இறங்க விடுவதில்லை. சேரப்போகிறது என்று நினைக்கும் இடத்தைத் தாண்டிப் போகும், அல்லது ஒரு மயிரிழை கீழேயே நிற்கும். நம் காது அதைப் பிடிக்கக் கையை நீட்டியபடியே இருக்கும். அந்த நீட்டிய கைதான் பயம்.

இது தெரெமினோடு நிற்கிற விஷயமும் அல்ல. போலந்து இசையமைப்பாளர் பெண்டரெட்ஸ்கி 1961இல் 48 தந்தி வாத்தியங்களுக்கு 'பாலிமார்ஃபியா' எழுதினார். தம்முடைய முந்தைய படைப்பு ஒன்றைக் கேட்கும் மனநோயாளிகளின் மூளை அலைப் பதிவுகளைப் பார்த்து, அந்தக் கோடுகளையே சுருதிக் கோடுகளாக்கினார். மின்சாரமே இல்லாமல் 48 பேர் 48 திசையில் வழுக்குகிறார்கள். கடைசியில் எல்லோரும் திடீரென்று ஒரு சி மேஜர் கார்டில், பள்ளிக்கூடப் பிரார்த்தனை மாதிரி, வந்து உட்கார்கிறார்கள். அந்த ஒரு நொடியில் பயம் போன இடம் தெரியவில்லை.

ஹாலிவுட் தெரெமினைப் பேயாக்கிய காலத்தில் தெர்மென் அங்கே இல்லை. 1938இல் சோவியத் நாட்டுக்குத் திரும்பினார். அடுத்த வருஷம் கைது, கொலிமா சுரங்க முகாம், பிறகு கைதிகளான விஞ்ஞானிகளை வைத்து நடத்திய ஆய்வுக்கூடம். 1945இல் மாஸ்கோவின் அமெரிக்கத் தூதருக்குப் மரத்தில் செதுக்கிய அமெரிக்க முத்திரை ஒன்றைப் பள்ளிப் பிள்ளைகள் பரிசாகக் கொடுத்தார்கள். தூதர் அதைத் தம் அறையில் மாட்டினார். உள்ளே தெர்மென் செய்த ஒட்டுக்கேட்கும் கருவி. பாட்டரி இல்லை, வயர் இல்லை. வெளியிலிருந்து ரேடியோ அலை வந்து பட்டால் மட்டும் உயிர் பெறும். ஏழு வருஷம் யாருக்கும் தெரியவில்லை. அவர் வாழ்நாள் முழுக்கச் செய்தது, தொடாமலே காரியம் நடத்தும் ஒரே வித்தைதான்.

அந்தப் பக்கம், நியூயார்க்கில் 14 வயதுப் பையன் ஒருவன் பத்திரிகையில் வந்த வரைபடத்தைப் பார்த்து வீட்டில் ஒரு தெரெமின் கட்டினான். ராபர்ட் மூக். அப்பாவும் பிள்ளையுமாகத் தெரெமின் விற்கத் தொடங்கினார்கள். 1961இல் மூக் போட்ட, நாமே பூட்டிக்கொள்ளும் தெரெமின் பெட்டி 49.95 டாலருக்கு ஆயிரம் போல் விற்றது. அந்தக் காசிலும் அனுபவத்திலும், 1964இல் இசையமைப்பாளர் ஹெர்பர்ட் டாய்ச்சோடு சேர்ந்து உருவாக்கியதுதான் மூக் சிந்தசைசர். பின்னால் வந்த மினிமூகின் இடது பக்கம் 'கிளைட்' என்று ஒரு குமிழ் இருக்கும். திருகினால் ஒரு கட்டையிலிருந்து அடுத்த கட்டைக்குச் சுருதி வழுக்கிக்கொண்டு போகும். கிளாரா ஆயுளைக் கொடுத்துப் பழகிய வழுக்கல், ஒரு குமிழுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது.

இந்த வரிசையில் என்னை நிஜமாகவே உலுக்கியது குப்ரிக்கின் 'த ஷைனிங்', 1980. மலைப்பாதையில் மஞ்சள் நிற ஃபோக்ஸ்வாகன் ஒன்று புள்ளியாகப் போகிறது, ஹெலிகாப்டரிலிருந்து கேமரா பின்தொடர்கிறது. பட்டப்பகல். வெண்டி கார்லோஸும் ரேச்சல் எல்கிண்டும் சேர்ந்து போட்ட சிந்தசைசர் அடிவயிற்றிலிருந்து ஒரு மெட்டை இழுக்கிறது. அது அவர்களுடையது அல்ல. சாவுப் பூசையில் பாடிவந்த 'டியஸ் இரே', இடைக்காலத்து கிறிஸ்தவப் பாட்டு. நம் கணக்கில் எழுதினால் க ரி க ச, ரி நி ச ச. காந்தாரமும் நிஷாதமும் சின்னவை. மேல்நாட்டார் டோரியன் என்கிற அந்த வரிசை நமக்குக் கரகரப்பிரியா. கமகத்தோடு பாடினால் யாரும் நிம்மதியாகத் தலையாட்டுவார்கள். இவர்கள் ஓர் அசைவும் இல்லாமல், கல்லை உருட்டுவதுபோல் ஒவ்வொரு ஸ்வரத்தையும் வைக்கிறார்கள். மேலே எல்கிண்டின் குரல், மனுஷ அடையாளம் கழுவிப்போய், எங்கேயும் இறங்காமல் ஊளையிடுகிறது. கீழே நகராத கரை, மேலே இறங்காத பறவை. படத்தின் மற்ற இடங்களில் பெண்டரெட்ஸ்கியின் வயலின்கள் வந்து மிச்சத்தைப் பார்த்துக்கொள்கின்றன.

சிந்தசைசர் பயம் மலிவாகவும் வரும் என்று காட்டியவர் ஜான் கார்பெண்டர். அவருடைய 'ஹாலோவீன்' படத்தை இசை சேர்க்காமல் பார்த்த ஒரு ஸ்டூடியோ ஆளுக்குப் பயமே வரவில்லையாம். கார்பெண்டர் மூன்று நாளில் தானே இசை போட்டார். அப்பா சின்ன வயசில் போங்கோவில் சொல்லிக் கொடுத்த ஐந்து அடித் தாளம். நமக்கு கண்ட நடை. ஐந்தில் ஓடினால் அவர்களுக்குக் கால் தடுக்குகிறது, நமக்கு அரங்கேற்றம்.

போன வருஷம் ஒரு பொறியியல் கல்லூரி விழாவுக்குப் போயிருந்தேன். எலெக்ட்ரானிக்ஸ் மாணவர்கள் இரண்டு பேர் தெரெமின் கட்டி வைத்திருந்தார்கள். ஷூ பெட்டிக்குள் போர்டு, சுருதிக்குப் பழைய குடைக்கம்பி, சத்தத்துக்குத் துணி ஹேங்கரை வளைத்த வளையம். வருகிறவர்களெல்லாம் கையை ஆட்டிப் பேய் வரவழைத்துச் சிரித்துவிட்டுப் போனார்கள். நானும் ஆட்டினேன், பெரியப்பா ரேடியோ அப்படியே திரும்பி வந்தது. எனக்குப் பின்னால் நின்ற பெண், பாட்டு கற்றவள் போலிருக்கிறது, முதலில் கையை நீட்டவில்லை. வாய்க்குள் 'ச' பிடித்துக்கொண்டாள். பிறகு கண்ணை மூடி, கம்பியிடம் கையைக் கொண்டுபோய் அந்த 'ச'வைத் தேடினாள். தப்பினாள், மறுபடி தேடினாள், பிடித்தாள். அங்கிருந்து மெதுவாக 'ப'வுக்கு வழுக்கிப்போய் நிறுத்தினாள். சிரிப்புச் சத்தம் நின்றது.

அந்த நேரம் பார்த்து கேன்டீன் அண்ணன் எவர்சில்வர் தட்டில் டீயோடு அவள் முதுகுப்பக்கம் வந்தார். பெட்டி வீறிட்டது.

"அண்ணா, அப்படியே நில்லுங்க. அசையாதீங்க."

அவர் ஒரு காலை முன்வைத்தபடி சிலையாக நின்றார். அவள் 'ப'வை மறுபடி பிடித்து, மேல் 'ச'வுக்குப் போய்ச் சேர ரெண்டு நிமிஷம் ஆயிற்று. டீ ஆறிப்போயிருந்தது.